எண்பத்து நாலு என்று தட்டினால்

யோகலிங்கத்தின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம். இருபது வருடத்துக்கு மேல் உங்கள் கடையில் வேலை செய்தவர், நீங்களும் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அவருடைய சொந்தக்காரர் ஒருவர் வந்து கேட்டார். மற்றவர்கள் எழுதிய நாலைந்து தாள்கள் அவர் கையில் இருந்தன. வாங்கி வாசித்தேன். அமைதியானவர், அன்பானவர், அதிர்ந்து பேசாதவர். எல்லாம் சரி. மகனைப் பற்றி மட்டும் "யுத்தத்தில் இழந்தார்" என்று ஒற்றை வரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இழந்தாராம்! பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு வந்தாரா என்ன?

மலரில் போட மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் நஜ்முன் நிஸா. அந்த நாளில் திருகோணமலை டொக்யாட் வீதியில் கொமினிகேஷன் கடை வைத்திருந்தேன். இரண்டு ரெலிபோன் பெட்டி, ஒரு போட்டோக்கொப்பி மெஷின், பிறகு நாலு கொம்பியூட்டர். யோகலிங்கம் முதலில் டைப் அடிக்க வந்தவர். அதற்கு முன் கூட்டுறவுச் சங்கக்கடையில் கூப்பன் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் சங்கக்கடை எரிந்துபோக, என்னிடம் வந்தார்.

அந்த மனுசன் எதையும் கோடு போட்டுக் கட்டம் கட்டித்தான் எழுதுவார். கடதாசி வாங்க வேண்டும், மை வாங்க வேண்டும் என்று நான் வாயால் சொன்னது, மேலே தலைப்புப் போட்டு ஐந்து நிரலாகி என் மேசைக்கு வரும். கதைப்பதும் அப்படித்தான். ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கலாம். "சொல்ல வந்ததச் சொல்லித் தொலைங்க லிங்கம்" என்று நான் கத்தாத நாளே இல்லை. கோபிக்க மாட்டார். முப்பத்தெட்டு வயதில் கொம்பியூட்டர் படிக்கத் தொடங்கினார். கொழும்பிலிருந்து தடித்த ஆங்கிலப் புத்தகம் இரண்டை எடுப்பித்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார். கண்டறியாத படிப்பு என்று நான் பகிடி பண்ணினேன். ஒரு வருடத்தில் இணையத்தளம் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டார்.

அவருடைய மனைவி பூரணியும் ஒரே மகன் கோணேஸ்வரனும் குடாவுக்கு அந்தப் பக்கம், சம்பூர்ப் பகுதியில் பூரணியின் ஊரில் இருந்தார்கள். வயலும் மாடும் அங்கே. யோகலிங்கம் சனிக்கிழமை மத்தியானம் மூதூர் லோஞ்சில் ஏறிக் கடலால் போவார், திங்கட்கிழமை காலை நேரே கடைக்கு வந்து நிற்பார். மகனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மோட்டார் சைக்கிள் திருத்துவான். தகப்பனைப் போல இல்லை, வாய்க்காரன். கடைக்கு வந்தால் என்னை "முதலாளியம்மா" என்று கூப்பிட்டு வெறுப்பேற்றிவிட்டுத்தான் போவான்.

இரண்டாயிரத்து ஆறு ஓகஸ்டில் மூதூரில் சண்டை தொடங்கியது. லோஞ்ச் நின்றது. ரெலிபோன் நின்றது. குடாவுக்கு மேலால் ஷெல் போகும்போது என் கடைக் கண்ணாடி கிடுகிடு என்று ஆடும். அங்கிருந்த சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. எங்கள் ஆட்கள், முஸ்லிம் சனம், கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள். தமிழ்ச் சனம் வெருகல் ஆறு தாண்டித் தெற்கே போனது. மூதூரில் கலியாணம் முடித்த என் தங்கச்சி லைலாவின் புருசனும் பிள்ளைகளும் கந்தளாய்க்கு வந்து சேர்ந்தார்கள். லைலா வரவில்லை. நடந்து வந்த வழியில் ஷெல் விழுந்து ஆளுக்கொரு பக்கம் ஓடியதில் காணாமற்போனாள். பூரணியும் மகனும் எங்கே என்றும் ஒரு தகவல் இல்லை.

அந்தக் கிழமை கடைக்கு வந்தவர்களை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கையில் ஒரு துண்டுக் கடதாசி, அதில் ஒரு பெயர். "இந்த ஆளைப் பற்றித் தகவல் இருக்கோ?" என்று கேட்பார்கள். என்னிடம் எங்கே தகவல்? யோகலிங்கம் அந்தத் துண்டுகளை வாங்கிக் கொப்பியில் கட்டம் போட்டு எழுதத் தொடங்கினார். கொப்பி இரண்டாகி, மூன்றானது. நாலாவது கொப்பி வாங்கின அன்று என் மேசைக்கு வந்து நின்றார். எங்கள் ஆட்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல அவரும் என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"ராத்தா, இதை வெப்சைட்டாப் போட்டால் கந்தளாயில இருக்கிறவரும் பார்க்கலாம், மட்டக்களப்புப் பக்கம் இருக்கிறவரும் பார்க்கலாம்."

"போடுங்க. என்னத்துக்கு என்னட்டக் கேட்கிறீங்க?"

"எங்க வைக்கிறது எண்டதுதான் பிரச்சினை."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வழக்கம்போலக் கடதாசியில் மூன்று கட்டம் போட்டார். அந்தப் பட்டியலை நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்க ஒரு கொம்பியூட்டர் வேண்டுமாம். அது எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதற் கட்டம், எங்கள் கடை. மேசைக்குக் கீழே ஒரு கொம்பியூட்டரை எந்நேரமும் ஓடவிடலாம். ஆனால் கரண்ட் ஒரு நாளைக்கு நாலு தரம் போகும். அதை விடுங்கள், சோதனைக்கு வருகிறவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் அத்தனை பேருடைய விவரமும் அதோடு போகும். பக்கத்துப் போட்டோக் கடையில் அப்படித் தூக்கிக்கொண்டு போனதை இரண்டு பேரும் பார்த்திருந்தோம்.

இரண்டாவது, கொழும்பில் இதற்கென்று இருக்கும் கம்பனிகளில் ஒன்று. வேகம் நல்லது, பிழை வந்தால் கோல் எடுத்துக் கேட்கலாம். ஆனால் அடையாள அட்டைக் கொப்பி கேட்பார்கள், கடைப் பதிவு கேட்பார்கள். "நாளைக்கு யாரும் பெரிய இடத்திலயிருந்து கேட்டால் அவங்கள் முழுப் பட்டியலையும் எடுத்துக் குடுக்கத்தான் வேணும். குடுக்க ஏலாது எண்டு சொல்லவும் ஏலாது அவங்களுக்கு" என்றார்.

மூன்றாவது, வெளிநாட்டில் இலவசமாக இடம் தருகிற கம்பனி. பெயர் கூட உண்மையாகக் கொடுக்கத் தேவையில்லை. இடம் கொஞ்சம்தான். பக்கத்துக்கு மேலே அவர்களுடைய விளம்பரம் ஓடும். முப்பது நாள் ஒருவரும் உள்ளே போகாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள்.

"அமெரிக்காவில எங்கயோ ஒரு அறையில இருக்கும் ராத்தா. இஞ்ச இருந்து ஒருத்தரும் போய்த் தூக்க ஏலாது."

"அப்ப அங்க வைங்களன்! இதுக்கு என்னத்துக்கு ஒரு மணித்தியாலம்?"

அதோடு முடியவில்லை. விவரங்களை எந்த வகை டேட்டாபேஸில் போடுவது என்று அடுத்த கதை. ஒரு வகை, பக்கத்தோடு பக்கமாக ஒரு கோப்பாகக் கிடக்குமாம். லேசான வேலை, ஆனால் கோப்பின் பெயர் தெரிந்தவன் முழுவதையும் இறக்கி எடுத்துவிடலாம். ஆகவே அது வேண்டாம். மற்றது தனியாக இருக்கும், பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்காது. அதைத்தான் எடுத்தார். இருபத்திரண்டு எழுத்தில் பாஸ்வேர்ட் வைத்து, எங்கேயும் எழுதாமல் மனப்பாடம் பண்ணினார். இதற்கெல்லாம் ஒன்பது நாள் எடுத்தார். ஒன்பது நாளும் நான் பிடரியில் நின்று கத்தினேன். சனம் செத்துக்கொண்டிருக்கிறது, இவர் பெட்டிக்குப் பூட்டுத் தேடுகிறார் என்று ஏசினேன்.

ஒருவரை இன்னொருவரோடு குழப்பாமல் இருக்க என்ன செய்வது என்பது அடுத்தது. ஒரே பெயரில் பத்துச் சின்னராசா இருப்பார்கள். ஆனால் அடையாள அட்டை இலக்கம் ஆளுக்கு ஒன்றுதான். அதனால் அந்த இலக்கத்தைத்தான் ஒவ்வொரு வரிக்கும் திறப்பாக, சாவி போல வைத்தார். ஒரு இலக்கத்துக்கு ஒரு வரிக்கு மேல் டேட்டாபேஸ் எடுக்காது.

அப்போதைய அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், அந்த இலக்கத்தின் முதல் இரண்டும் பிறந்த வருடம். எண்பத்து நாலில் பிறந்தவனுக்கு எண்பத்து நாலு என்று தொடங்கும். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்த ஆள் என்பது, பெண் என்றால் அதோடு ஐந்நூறு கூட்டியிருப்பார்கள். ஆணா பெண்ணா என்பதும் அதிலேயே இருக்கும். செக்பொயின்ட்டில் நிற்கிறவன் அட்டையைத் திருப்பாமலே வயது சொல்வான்.

ஓடி வந்த சனத்தில் பாதிப் பேரிடம் அட்டை இல்லை. ஆற்றில் விட்டவர்களும் வீட்டோடு விட்டவர்களும்தான் கூடுதல். மகனைத் தேடி வருகிற தாய்க்கு அவனுடைய முழு இலக்கம் எங்கே பாடம்? பிறந்த வருடம் மட்டும் தெரியும். யோகலிங்கம் பாவம் பார்த்தார். இலக்கம் தெரியாத ஆளுக்குப் பிறந்த வருடத்தில் தொடங்கும் தற்காலிக இலக்கம் ஒன்றைப் போட்டார். இரண்டு இலக்கம் தட்டினாலே அந்த வருடத்தில் பிறந்த எல்லாரும் இலக்க ஒழுங்கில் வருகிற மாதிரிச் செய்தார். பெயர், இலக்கம், ஊர், இப்போது இருக்கிற முகாம், கட்டடம். தேடுகிறவர்களுக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. கிழவிகளுக்குப் பாஸ்வேர்ட் கொடுத்து என்ன செய்கிறது?

எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்றுதான் இரண்டு பேரும் பயந்தோம். எங்கள் பயமெல்லாம் சப்பாத்துக் காலோடு கடைக்குள் வருகிறவனைப் பற்றித்தான். வீட்டில் இருந்தபடியே இரண்டு இலக்கம் தட்டக்கூடியவனைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை.

கந்தளாயில் சித்தி பரீதா என்ற ரீச்சர் விவரம் எடுத்து ஏற்றினார். தெற்கே வாழைச்சேனைப் பக்கத்து முகாம்களில் சோமசேகரம் என்ற இளைப்பாறிய தபால் உத்தியோகத்தர் ஏற்றினார். மூன்று கிழமையில் இரண்டாயிரம் பெயர். மேலே "எடையைக் குறையுங்கள்" என்று விளம்பரம் ஓடும், கீழே பசியோடு கிடக்கிற சனத்தின் பட்டியல். நான் அதைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஆட்கள் கிடைத்தார்கள். வீட்டார் இன்னும் கண்டுபிடிக்காத எல்லாருடைய வரியும் சிவப்பு; கிடைத்ததும் பச்சையாகும், "கிடைத்தார்" என்று வரும். கடைக்குள் நின்று சனம் கத்தி அழும்.

யோகலிங்கம் தினமும் காலையில் கடை திறந்ததும் எண்பத்து நாலு என்று தட்டுவார். கோணேஸ்வரன் பிறந்த வருடம் அது. மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசிப்பார். செப்டெம்பர் கடைசியில் ஒரு நாள் விரல் நின்றது. சோமசேகரம் முதல் நாள் பின்னேரம் ஏற்றிய வரி. வாழைச்சேனைப் பக்கத்துப் பாடசாலை முகாம், மூன்றாம் கட்டடம். தாயும் மகனும்.

அந்த மனுசன் சிரித்ததை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். சோமசேகரத்துக்குக் கோல் எடுத்து, மகனோடு கதைத்து, "சாப்பிட்டனியோ, சாப்பிட்டனியோ" என்று அதையே பத்துத் தரம் கேட்டார். போய்க் கூட்டிவர ஏலாது. பாதை பூட்டு. முகாமிலிருந்து ஆளை எடுக்க அனுமதி வர வேண்டும். வரும்வரை அங்கேயே இருக்கட்டும், உயிரோடு இருக்கிறார்கள்தானே என்று தானே வரியைப் பச்சையாக்கினார்.

எனக்குச் சந்தோசமா? இல்லை. உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு எரிச்சல். லைலா இன்னும் சிவப்பில் இருந்தாள்.

அதற்கு ஒரு கிழமை கழித்து, காலை பத்து மணி போல யோகலிங்கம் என் மேசைக்கு ஓடி வந்தார். அவர் ஓடி நான் கண்டதில்லை. வசனங்களுக்கு நடுவே இடைவெளியும் இல்லை.

"ராத்தா, இதை உடனே மூடவேணும். யாரோ நேற்று ஒரே இடத்தில இருந்து தேடியிருக்கிறாங்கள். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எண்பது எண்டு வரிசையாத் தட்டி எண்பத்தெட்டு வரைக்கும் போயிருக்கு. பதினொரு தட்டு, பத்து நிமிசம். எந்தத் தாய் இப்படித் தேடுவா?"

எனக்கு உடனே விளங்கியது. விளங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பதினெட்டு வயது தொடக்கம் இருபத்தெட்டு வரை. இருக்கிற இடத்தோடு. அந்த நாளில் வெள்ளை வான் வருகிறது, இளம் பொடியன்களை ஏற்றிக்கொண்டு போகிறது என்பது திருகோணமலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"மூடிப்போட்டு?"

"மூண்டு நாளில பாஸ்வேர்ட் போட்டுத் திருத்திப்போடுவன்."

"மூண்டு நாளா? லைலாவக் கண்டவங்க இந்த மூண்டு நாளுக்குள்ள தேடினா?"

"அப்ப இருக்கிற இடத்தை மட்டுமாவது மறைப்பம்."

"இடம் தெரியாட்டி அவள எங்க போய்த் தேட? பேய்க்கதை கதைக்காதீங்க."

"ராத்தா..."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். பதினாறு வருடம் "நீங்க" என்று கதைத்த வாயால் சொன்னேன்.

"ஒன்ட மகன் கிடைச்சிட்டான். ஒனக்கு இனி என்ன? மூடத்தான் சொல்லுவாய்."

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே வெட்கமாகப் போனது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம் இன்னும் கூடும்.

"பயம்னா ஒன்ட மகன்ட பேர மட்டும் எடுத்திட்டு விடு. ரெண்டு நாள் பொறு. பிறகு என்னத்தையும் செய்."

"என்ட பிள்ளையை மட்டும் எடுத்துப்போட்டு மற்றப் பிள்ளையளை விடுறதோ? அது சரியில்லை ராத்தா" என்றார்.

போய்த் தன் கதிரையில் உட்கார்ந்தார். பாஸ்வேர்ட் அவர் தலைக்குள் இருந்தது. என்னைக் கேட்காமல் மூடியிருக்கலாம். தடுக்க எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. மகனுடைய வரியை நான் பார்க்காத நேரம் எடுத்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இரண்டு நாள் இருந்தார். நினைவு மலருக்கு எழுதியவர்கள் இதைத்தான் அமைதி என்கிறார்கள்.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்குச் சித்தி பரீதா கோல் எடுத்தார். லைலா கிடைத்துவிட்டாள். தலையில் காயத்தோடு யாரோ ஏற்றிப்போய்த் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் போட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரியின் மகன் எங்கள் பட்டியலில் தேடி, சிவப்பில் அவளுடைய பெயரைக் கண்டு சொல்லியிருக்கிறான். நான் கடைக்குள்ளேயே நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். யோகலிங்கம் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். லைலாவின் வரியைப் பச்சையாக்கி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவருடைய முகத்தில் உண்மையான சந்தோசம். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இனி மூடுவமோ ராத்தா?"

"மூடுங்க" என்றேன். பன்னிரண்டு மணிக்கு மூடினார்.

இரண்டு மணிக்குச் சோமசேகரம் கோல் எடுத்தார். அன்று காலை ஒன்பது மணிக்கே முகாமுக்கு வான் வந்து போயிருந்தது. லைன் கிடைக்காமல் ஐந்து மணித்தியாலம் அலைந்திருக்கிறார் மனுசன். வந்தவர்கள் யார் என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் இன்றுவரை தெரியாது. சீருடை இல்லை. கையில் அச்சடித்த தாள்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் எங்கள் இணையத்தள முகவரியும் முதல் நாள் திகதியும். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லையாம், இலக்கம் சொல்லிக் கூப்பிட்டார்களாம். மூன்றாம் கட்டடத்தில் கோணேஸ்வரன் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்திருக்கிறான். நாலு பேரை ஏற்றினார்கள்.

யோகலிங்கம் ரிசீவரைக் காதில் வைத்தபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எந்த ஒழுங்கில கூப்பிட்டவங்கள்?"

சின்ன இலக்கத்திலிருந்து பெரிய இலக்கத்துக்கு என்று சோமசேகரம் சொன்னார். தாய்மார் தேட லேசாக இருக்கட்டும் என்று யோகலிங்கம் போட்டுக் கொடுத்த அதே ஒழுங்கு.

நான் அவருடைய காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். அவர் குடிக்கவில்லை.

அடுத்த பத்து நாளும் அவர் ஒரு முறைப்பாட்டு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அலைந்தார். எங்கேயும் அப்படி ஒரு ஆளை எடுக்கவில்லை என்றார்கள். இடையில் கடையில் உட்கார்ந்து தளத்துக்குப் பாஸ்வேர்ட் போட்டு முடித்தார். திரும்பத் திறக்கச் சொல்லிச் சனம் வாசலில் நின்றது. அவர்களுடைய ஆட்கள் கிடைக்கவில்லையே. திறந்தார்.

பதினோராம் நாள் பூரணி அனுமதி கிடைத்து வந்து சேர்ந்தா. கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் மகனுடைய சேர்ட் ஒன்று. அழவில்லை. கடைக்குள் வந்து புருசனுக்குப் பக்கத்தில் நின்றா.

"காணாமப்போன ஆக்கள்ற பட்டியலில பிள்ளையின்ட பேரையும் போடுங்கோ. எங்கயாவது கண்ட ஆக்கள் சொல்லுவினம்" என்றா.

யோகலிங்கம் பெயரை அடித்தார். இலக்கத்தை அடித்தார். நிலை என்ற கட்டத்தில் "காணவில்லை" என்று தெரிவுசெய்து அனுப்பினார். டேட்டாபேஸ் ஏற்கவில்லை. இந்த இலக்கம் ஏற்கெனவே உள்ளது, நிலை: கிடைத்தார் என்று வந்தது. இரண்டாம் தரமும் அடித்தார். அதுவே வந்தது.

"என்ன பிழை?" என்று கேட்டேன்.

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "சிவப்பைப் பச்சையாக்கத்தான் வழி வைச்சனான் ராத்தா. பச்சையைச் சிவப்பாக்க வழி வைக்கேல்லை. கிடைச்ச ஆள் திரும்பவும் காணாமப்போவார் எண்டு நான் யோசிக்கேல்லை."

"இப்ப என்ன செய்ற?"

"பழைய வரியை அழிக்கவேணும். அழிச்சால்தான் புதுசு எடுக்கும்."

அழிக்கிற இடத்துக்குப் போனார். மவுஸில் கை இருந்தது. நேரம் போனது, விரல் அசையவில்லை. நான் கத்தவில்லை. அவரிடம் நான் கத்தாத முதல் நாள் அதுதான்.

"நீங்கள் அழியுங்கோ ராத்தா. என்னால ஏலாது" என்று கதிரையை விட்டு எழும்பினார்.

நான் உட்கார்ந்தேன். பூரணி எனக்குப் பின்னால் வந்து நின்றா.

"உங்கட தங்கச்சி கிடைச்சிட்டாவாம் எண்டு இவர் சொன்னவர்" என்றா.

"ஓம்."

"சுகமா இருக்கிறாவோ?"

"ஓம்."

"நல்லம்" என்றா பூரணி. அந்தச் சொல்லில் ஒரு துளி விஷம் இருந்திருந்தாலும் நான் பிழைத்திருப்பேன்.

அழிக்கவா, ஓம், இல்லை என்று திரை கேட்டது. நான் ஓமை அமத்தினேன். பச்சை வரி போய், கீழே இருந்த வரி ஒரு படி மேலே ஏறியது. பூரணி குனிந்து திரையை மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராக வாசித்தா.

"சரியா அழிஞ்சிட்டுதோ அக்கா?" என்று கேட்டா.

"ஓம்" என்றேன்.